முழங்காலுக்கு ஒரு சாட்சி

1

இந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே கிரைஸ்ட்சர்ச்சில் ஒரு மருத்துவமனை நடைவழியில் நின்று அழுதேன். யாரும் சாகவில்லை, கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. ஒரு டாக்டரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் சுவரோரமாக நின்று இரண்டு நிமிடம் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்தே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் மகள் ஜெஸிக்கு மானம் போயிற்று. "அம்மா, ப்ளீஸ்!" என்று பல்லைக் கடித்தாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு, பெற்ற தாய் நாலு பேர் பார்க்க மூக்கைச் சிந்துவதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் வேறு கிடையாது.

ஏன் அழுதேன் என்று அவளிடம் சொல்வதானால் திருவனந்தபுரத்துக் கரமனையிலிருந்து தொடங்க வேண்டும். அவளைப் பொறுத்தவரை கரமனை என்பது லீவில் கொசு கடிக்கிற ஆச்சி வீடு. அதனால் உங்களிடம் சொல்கிறேன். கரமனைப் பாலத்தில் பஸ் நெரிந்து நிற்பதையும், கண்டக்டர் மலையாளத்தில் திட்ட நாம் தமிழில் முணுமுணுப்பதையும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லையே.

ஜெஸி நெட்பால் ஆடுகிறாள். கூடைப்பந்தின் தங்கச்சி மாதிரி ஒரு ஆட்டம். பந்தைத் தரையில் தட்டக்கூடாது, பந்தோடு ஓடவும் கூடாது. ஓடி வந்து பிடித்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். இதைப் போனில் அம்மாவுக்கு விளக்கியபோது, "பந்து கிட்டினா நிக்கணுமா? பின்ன எதுக்குடி பிள்ளைய ஓட விடுகாவ?" என்று கேட்டாள். கேட்டது சரிதான். அந்தத் திடீர் நிற்றல்தான் முழங்காலைத் தின்கிறது. மே மாதம் ஒரு சனிக்கிழமை, பந்தைப் பிடித்து நின்ற ஜெஸியின் இடது கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது.

விளையாட்டு வீரர்களையே பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் காலை அப்படி இப்படி இழுத்தும் வளைத்தும் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். நம்மூரில் சவ்வு கிழிந்துவிட்டது என்போமே, அதுதான். உள்பக்க லிகமென்ட் பாதி கிழிந்திருந்தது. கத்தி வைக்க வேண்டாம், தானாக ஒட்டிக்கொள்ளும் என்றார். வீக்கம் வடிந்ததும் அடுத்த அறையில் இருக்கிற ஹெலன் என்ற பிசியோவிடம் அனுப்பினார்.

நான் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அழகாக ஒட்டிவிட்டது" என்றார். ஜெஸி குதிக்காத குறை. "அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை மாகாண அணித் தேர்வில் ஆடலாமா?" டாக்டரம்மா எழுந்துபோய் ஹெலனை நடைவழிக்கு அழைத்தார். ஒட்டியிருக்கிற விவரத்தை இவர் சொன்னார். ஒற்றைக் காலில் தாவினால் இடது கால் இன்னும் குட்டையாகத்தான் விழுகிறது, இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்கிறது என்று ஹெலன் சொன்னாள். டாக்டரம்மா ஜெஸியிடம் திரும்பினார். "நான் சொன்னது லிகமென்டைப் பற்றி. காலைப் பற்றி ஹெலன் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை என் சரியும் சரி ஆகாது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

2

பதினாறு வருடத்துக்கு முன்பு நான் திருவனந்தபுரத்தில் கல்லூரி வாலிபால் அணியில் இருந்தேன். உயரம் அப்பா கொடுத்தது. அவர் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பகலெல்லாம் காதில் குழாயை மாட்டிக்கொண்டு மலையாளத்தில் ஊர்க்காரர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எல்லைப்பக்கத்துப் பாறசாலைத் தமிழுக்கு மாறுவாள். மாறும்போது பாதி மலையாளமும் கூடவே ஏறிவந்துவிடும்.

கேரளத்தில் வாலிபால் ஆடுகிறவளுக்கு ஒரு வாசல் உண்டு. மாநில அணிக்குள் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. எனக்கு வாலிபால் பைத்தியம், அம்மாவுக்கு அந்த வேலைப் பைத்தியம். இரண்டும் ஒரே பக்கமாக ஓடியதால் நான் அரைக்கால் சட்டை போட்டதைப் பற்றி எங்கள் கிறிஸ்தவ சபையில் யாராவது வாயைத் திறந்தால், "அவ ஓட்டத்துக்கு பாவாட கட்டிட்டு ஓடுவாளா?" என்று அம்மாவே மல்லுக்கு நிற்பாள்.

மாநிலத் தேர்வு வரப்போகிற வருடம், பயிற்சியில் வலைக்கருகே குதித்து அடித்துவிட்டு இறங்கினேன். வலது முழங்கால் திரும்பிவிட்டது. மூன்றாவது நாள் வீட்டில் சபைக்காரர்கள் குவிந்தார்கள். என் காலைக் கட்டிலில் நீட்டி வைத்து, வீங்கிய முழங்காலைச் சுற்றி நின்று ஜெபம் செய்தார்கள். ஆரஞ்சும் ரஸ்க்கும் மலைபோல் குவிந்தன. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கிரைஸ்ட்சர்ச்சில் ஜெஸி கால் கட்டோடு சோபாவில் கிடந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அட்டை மட்டும் தபால் பெட்டியில் விழுந்தது. "சீக்கிரம் குணமடையட்டும்." நல்ல மனுஷிதான், பாவம். ஆனாலும் அன்றைக்கு அந்த ரஸ்க்குக்காக மனம் அப்படி ஏங்கிற்று.

விளையாட்டுக்காரர்களைப் பார்க்க ஸ்டேடியத்தின் பக்கம் ஒரு டாக்டர் இருந்தார். எங்கே கிழிந்திருக்கிறது, எவ்வளவு கிழிந்திருக்கிறது, அறுவை வேண்டுமா, எப்போது ஒட்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. கையால் தடவியே சொல்லிவிடுவார். ஒட்டின பிறகு அந்தக் கால் பழையபடி குதிக்கவும் இறங்கவும் திரும்பவும் படிக்க வேண்டுமே, அது பிசியோதெரபியின் பாடு. அதற்கு நான் ஊரின் மறுபக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே லதா என்று ஒரு பிசியோ. என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். கணுக்காலில் மணல் மூட்டையைக் கட்டிக் காலைத் தூக்கச் சொல்வாள். தையல்காரர் டேப்பால் இரண்டு தொடையையும் அளப்பாள். கட்டுப் போட்டுக் கிடந்ததில் வலது தொடை ஒரு விரல் மெலிந்துவிட்டிருந்தது. "வேதனை போயி. ஆனா தொட வந்நிட்டில்லல்லோ, மோளே" என்பாள். வலி போய்விட்டது, தொடை இன்னும் திரும்பி வரவில்லையே என்று.

டாக்டரும் லதாவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். இருவருக்கும் நடுவே இரண்டு பஸ் மாறிப் போய்வந்தவள் நான் ஒருத்திதான். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நானே சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்ததைச் சொல்வேன், மற்றது வழியில் சிந்திவிடும்.

3

இங்கே கதையே வேறு. விபத்துக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதமாக வந்து குவிகிறது. "காயத்துக்குக் காரணமான பொருள் எது?" என்று ஒருமுறை கேட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ராஜன், திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நியாயமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இங்கே வந்து இந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதியே நரைத்துவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூமி" என்று எழுதலாமா என்று கேட்டார். பிசியோவுக்கு ஒரு தடவை போகாவிட்டால் ஹெலனின் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். ஏன் வரவில்லை, எப்போது வருவாள்?

கரமனையில் போகாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். போனால்தான் கேட்பார்கள். அதற்கு வருகிறேன்.

என் தினசரி வேலை ஒரு முதியோர் இல்லத்தில். காலையில் தாத்தா பாட்டிகளை எழுப்பி, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பேன். முதல் வருடம் அவர்கள் ஏதாவது கேட்டால் நம்மூர்ப் பழக்கத்தில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவேன். ஒரு கிழவர், "இந்தப் பெண் எனக்குக் காலைச் சாப்பாடு தர மறுக்கிறாள்" என்று புகார் கொடுத்துவிட்டார். இப்போது தலையை மேலும் கீழும் ஆட்டப் பழகிவிட்டேன். ஊருக்கு வந்தால் அம்மா, "ஏன்டி கோழி கொத்துகது மாதிரி ஆட்டுகே?" என்று சிரிக்கிறாள்.

ஜெஸியின் தமிழைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. புரியும், பேச வராது. கோபம் வந்தால் ஒரு சொல்கூட வராது. ஆச்சியோடு போனில் பேசும்போது மட்டும் நாலு வார்த்தையைக் கோர்த்துக் கஷ்டப்பட்டுப் பேசுவாள். அந்த நாலு வார்த்தைக்கு அம்மா சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவாள்.

4

அந்த வருடம் எனக்குச் சரியான காலத்தில் சவ்வு ஒட்டிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நன்னாயிட்டு ஒட்டி. இனி பிசியோ பறஞ்ஞால் களிக்காம்" என்றார். நன்றாக ஒட்டிவிட்டது, இனி பிசியோ சொன்னால் விளையாடலாம். கூட வந்திருந்த அம்மா முதல் பாதியைக் கேட்டதுமே கையைக் கூப்பிவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டுகிறது. இரண்டாவது பாதி அந்தக் கண்ணீருக்குள் போய்விட்டது.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. யாருக்கு நன்மை கிடைத்ததோ அவர்கள் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள். அம்மாவுக்கு அது உயிர். லைன் போடுகிற குரல் அல்லவா, மைக்கே வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, "எனக்க மகளுக்க காலக் கர்த்தரு பூரணமா சொகப்படுத்தினாரு!" என்றாள். சபை முழுக்க அல்லேலூயா. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்வானேன், அன்று அம்மாவை அப்படி முகம் மலரப் பார்த்த சந்தோஷம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் லதாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த ஞானதாஸ் அண்ணன், எங்கள் சபைக்காரர், அந்தப் பக்கம் வந்தார். நல்ல மனுஷன். கேலிகூட இல்லை, நிஜமான கவலையோடு கேட்டார்:

"சொகமாச்சுன்னு அம்மை ஞாயித்துக்கெழம சாட்சி சொன்னாவளே, பிள்ளே. பின்ன என்ன இங்க?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நாலு பேரு முன்ன பூரணமா சொகமாச்சுன்னு சொல்லியாச்சு. இனி நீ அங்க போயி காலத் தூக்கிட்டுக் கெடந்தா கர்த்தரு பொய்யா, அம்மை பொய்யா?"

"லதாச்சேச்சி இன்னும் கொஞ்ச நாளு வரணும்னு சொன்னாவ, அம்மா."

"டாக்டர விடப் பெரியவளா அவ? ஒட்டியாச்சுன்னு டாக்டரே சொன்னாரு. வலி உண்டா ஒனக்கு?"

"இல்ல."

"பின்ன? மதி, போதும்."

வலிதான் இல்லையே. எனக்கும் அந்த மணல் மூட்டைக்கு விடை கொடுத்ததில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மாநிலத் தேர்வில் இரண்டாவது செட்டில் குதித்தேன். நன்றாகத்தான் குதித்தேன். அடித்த பந்தும் உள்ளேதான் விழுந்தது. நான் விழுந்த விதம்தான் சரியில்லை. தொடையில் தாங்குவதற்குச் சக்தி இல்லை, பாரம் முழுக்க அந்தப் புதுச் சவ்வில் இறங்கி, இந்தத் தடவை முழுதாகப் போய்விட்டது. ஸ்டேடியத்தில் அதே டாக்டர் மண்டியிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோபப்படாமல், மெதுவாகச் சொன்னார். "லிகமென்ட் சரியாயின்னா ஞான் பறஞ்ஞது. கால் சரியாயின்னு பறஞ்ஞில்லல்லோ." லிகமென்ட் சரியாகிவிட்டது என்றுதான் சொன்னேன், கால் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லையே என்று.

வாலிபாலும் போயிற்று, வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு அம்மாவும் நானும் அந்தச் சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் ஒருவரையொருவர் எங்கே கொண்டுபோய் விடுவோமோ என்று பயம். கல்யாணம் ஆனது, ராஜனின் சபைக்கு மாறினேன், ஜெஸி பிறந்தாள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். குளிர் இறங்கினால் அந்த முழங்கால் எனக்கு இன்றும் முதலில் சொல்லிவிடும்.

5

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த ஜெஸி அறைக்கதவைப் படாரென்று சாத்தினாள். நெட்பால் கோச், டாக்டரம்மாவின் வார்த்தையே போதும், பெற்றோர் சம்மதித்தால் தேர்வில் ஆடட்டும் என்று சொல்லிவிட்டாராம். அதாவது, முடிவு என் கையில். சனிக்கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தாள். சாயங்காலம் கடைசி அம்பை எய்தாள்.

"ஆச்சிக்குப் போன் செய்துவிட்டேன். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்று சொன்னேன். ஆச்சி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதார். ஆச்சிக்கே சந்தோஷம், உனக்கு மட்டும் என்ன?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே சாயங்காலம் என்றால் கரமனையில் மத்தியானம். போனை எடுத்தேன். ஆயுசு முழுக்க எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், வெளிநாட்டு லைனை மட்டும் நம்பமாட்டாள், கத்துவாள்.

"ஹலோ! யாரு பேசுகது?"

"அம்மா, நாளைக்கு சபையில சாட்சி சொல்லாதீங்க."

"என்னது?"

"அவளுக்கு இன்னும் சரியாகல்ல. நீங்க சொல்லிட்டீங்கன்னா அவளப் பிடிச்சு நிறுத்த முடியாது. எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கும். சொல்லாதீங்கம்மா!" நானும் கத்திவிட்டேன். பதினாறு வருடம் தொண்டைக்குள் இருந்தது வெளியே வந்து விழுந்துவிட்டது.

பிறகு, கத்தாமல், வீட்டுக்குள் பேசுகிற குரலில் அம்மா சொன்னாள்:

"மக்களே, நான் சாட்சி சொல்லிப் பதினாறு வருசம் ஆச்சு."

எனக்குப் புரியவில்லை.

"ஒனக்க காலு ரெண்டாமது போன பொறவு நான் சபையில எழும்பி நிண்ணதே இல்ல. ஒனக்க கல்யாணத்துக்கு நிக்கல்ல. இவ பெறந்தப்பம் நிக்கல்ல. வெளிநாட்டுக்கு விசா கிட்டினப்பம்கூட நிக்கல்ல. வீட்டுல முட்டு போட்டு சொல்லுவேன். அவருக்குக் கேக்கும்லா."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ல? அந்த லதாப் பிள்ள தொட தேறட்டும்னு சொன்னா. டாக்டரும் அவகிட்ட கேளுன்னுதான் சொன்னாரு. எனக்க காதுல விழல்ல. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்த காது. எனக்க பிள்ளைக்க காரியத்துல மட்டும் பாதியில அறுத்துப் போட்டேன்." பிறகு கேட்டாள். "இப்பம் யாரு வேண்டாம்னு சொல்லுகா?"

"ஹெலன்னு, பிசியோ."

"பிள்ளைக்கிட்ட போனக் குடு."

ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா தன் ஆபரேட்டர் ஆங்கிலத்தை எடுத்தாள். "ஜெஸி மோளே! டாக்டர் யெஸ், ஹாஃப் யெஸ். ஹெலன் யெஸ், ஃபுல் யெஸ். அண்டர்ஸ்டுட்?"

ஜெஸி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். பிறகு என் முழங்காலைப் பார்த்தாள். உனக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். கரமனையிலிருந்து ஆரம்பித்தேன்.

6

அவள் தேர்வில் ஆடவில்லை. பெரிய கோட்டுக்குள் சுருண்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் இடத்தில் வேறொரு பெண் ஆடுவதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைத்தான் எடுத்தார்கள். ஜெஸி என்னோடு நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புரிந்துகொண்டாள் என்பதற்காக வலிக்காமல் இருக்குமா? எனக்கும் வலித்தது. ஆனாலும் தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஹீட்டர் பக்கத்தில் பாயை விரித்து, ஹெலன் கொடுத்த ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

வசந்தம் வந்து, தெருவில் செர்ரி மரங்கள் பூத்த வாரம், ஹெலன் அவளைத் தாவச் சொன்னாள். வலது, இடது, வலது, இடது. இரண்டு காலும் ஒரே கோட்டில் விழுந்தன. ஹெலன் போய் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினாள். இருவரும் சேர்ந்து வந்து நின்று, ஆடலாம் என்றார்கள். உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். "மத்தவளுக்க பேரு எப்பிடி? மெதுவா சொல்லு. ஹெ-லன். செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவே கூப்பிட்டாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"எழும்பி நிண்ணேன், மக்களே."

"என்ன சொன்னீங்க?"

"ஞானதாஸ் இப்பம் கெழவனா ஆயாச்சு, முன்னால இருந்தான். சொன்னேன், பதினாறு வருசத்துக்கு முன்ன இதே எடத்துல நிண்ணு எனக்க மகளுக்க காலு பூரணமா சொகமாச்சுன்னு சொன்னேன். அது பாதிதான். அவசரப்பட்டுட்டேன். அதுல எனக்க பிள்ளைக்க காலு போச்சு. இண்ணைக்கு எனக்க பேத்திக்க காலு ரெண்டும் ஒண்ணு போல ஆச்சு. டாக்டரம்மாவும் சொன்னாவ, ஹெலனும் சொன்னா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு சொன்னேன்."

"சபையில என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்ல? ஆமென் சொன்னாவ. எனக்க சத்தம்தான் பழைய மாதிரி எழும்பல்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். வெளியே ஜெஸி சுவரில் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ஹலோ," என்றாள் அம்மா. "ஹலோ! லைன்ல இருக்கியா, மக்களே?"

"இருக்கேன்மா," என்றேன்.